0 வைப்பதா, -1 வைப்பதா? கெர்னலிடம் "எண் இல்லை" என்று சொல்லும் வழி

ஜனவரி 6, வந்த கேள்வி

"ஒரு சாதனத்துக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் இணைப்புக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பக்கத்திலிருந்து ஒரு 32 பிட் எண் கொடுக்கிறேன். பயனரின் நிரல் அந்த எண்ணைச் சொல்லித்தான் அடுத்த வேலையைக் கேட்க வேண்டும். 'இன்னும் எண் வாங்கவில்லை' என்ற நிலையைக் குறிக்க எந்த மதிப்பை வைப்பது? எங்கள் குழுத் தலைவர் 0 என்கிறார். நான் -1 என்கிறேன். இதற்கு ஹெடர் கோப்பில் தனிப் பெயர் வேண்டுமா, சொல்லாமலே எல்லோருக்கும் புரியுமா?"

ஜனவரி 6, இரவு

-1. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோப்பைத் திறக்கும் ஓப்பன் தோற்றால் -1, ஓடும் நிரலைப் பிரதியெடுக்கும் ஃபோர்க் தோற்றால் -1, நினைவகம் கேட்கும் எம்மேப் தோற்றால்கூட அதே -1ஐ முகவரி வேடம் கட்டி அனுப்புகிறார்கள். யூனிக்ஸ் பிறந்த நாளிலிருந்து வரும் பழக்கம். பெயர் வைத்தால் நல்லது, வைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

ஜனவரி 7, காலை

மேலே எழுதியதை அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும். "குடி முழுகிவிடாது" என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன். படுத்த பிறகுதான், வேறொரு பயனராக நிரலை ஓட்டவிடும் சூடோ நினைவுக்கு வந்தது.

2019 அக்டோபரில் வெளியான ஓட்டை அது. சூடோவில் ஒருவருக்கு இப்படி அனுமதி எழுதலாம்: இவர் எந்தப் பயனராக வேண்டுமானாலும் இந்த நிரலை ஓட்டட்டும், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக மட்டும் கூடாது. பயனரின் பெயருக்குப் பதிலாக அவருடைய எண்ணைக் கொடுத்தாலும் சூடோ ஏற்றுக்கொள்ளும். ஆப்பிளின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஜோ வெனிக்ஸ், எண் இருக்கும் இடத்தில் -1 கொடுத்தால் ரூட் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார். 4294967295 கொடுத்தாலும் ரூட்தான். குறியில்லாத 32 பிட்டில் இரண்டும் ஒன்றே.

நடந்தது இவ்வளவுதான். ரூட்டின் எண் 0. -1 என்பது 0 இல்லை, ஆகவே "ரூட் கூடாது" என்ற விதியைத் தாண்டிவிட்டது. சூடோ ஓடத் தொடங்கும்போதே ரூட்டாகத்தான் ஓடுகிறது. பிறகு செட்ரெஸ்யூஐடி என்ற சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு, சுருக்கமாகக் கால்) வழியாகக் கேட்ட பயனராக மாறுகிறது. அந்தக் காலின் அகராதியில் -1 என்றால் "இதைத் தொடாதே, இருப்பது இருக்கட்டும்". இருந்தது ரூட். கெர்னல் தொடவில்லை. தொடாமல் விட்டதற்கு வெற்றி என்றும் பதில் சொன்னது. 1.8.28 பதிப்பில் அடைத்தார்கள்.

கெர்னல் தன் ஆவணத்தில் எழுதியிருப்பதைத்தான் செய்தது. சூடோ எழுதியவரும் முட்டாள் அல்லர். ஒருவர் "யாருமில்லை" என்று நினைத்துக் கொடுத்த எண், வாங்கியவர் காதில் "மாற்றாதே" என்று விழுந்திருக்கிறது.

ஜனவரி 7, பிற்பகல்

"செட்யூஐடிக்கு -1 கொடுத்தால் பிழை வருகிறதே?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வருகிறது. ஈஇன்வால், அதாவது "தவறான மதிப்பு" என்ற பிழை எண் வரும். பயனரை மாற்றும் இன்னொரு காலான செட்யூஐடி வாங்குவதே ஒரே ஓர் எண். அங்கே "மாற்றாதே" என்பதற்குப் பொருளே இல்லை. செட்ரெஸ்யூஐடி மூன்று எண்கள் வாங்குகிறது, அவற்றில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே மற்ற இரண்டுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும். கோப்பின் உரிமையாளரை மாற்றும் சௌனிலும் அப்படியே: கோப்பின் குழுவை மட்டும் மாற்ற நினைத்தால் உரிமையாளர் இடத்தில் -1 போட வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரமே அப்படித்தான் சொல்கிறது.

ஆக, அண்ணன் தம்பி போன்ற இரண்டு கால்கள், கெர்னலில் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருப்பவை. -1 ஒன்றுக்குத் தவறான மதிப்பு, மற்றதற்கு முறையான கட்டளை.

இதில் கெர்னலின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஒழுங்காக இருக்கிறது. உள்ளே பயனர் எண் வெறும் எண்ணாக இருப்பதில்லை; கேயூஐடி என்ற தனி வகைக்குள், ஓர் உறுப்பு மட்டுமே உள்ள ஸ்ட்ரக்டாக (உறுப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் சி மொழி வகை) பொதிந்து வைத்திருக்கிறார்கள். சாதாரண எண்ணைத் தவறுதலாக அங்கே நுழைத்தால் கம்பைலரே தடுத்துவிடும். இன்வாலிட்_யூஐடி என்று பெயரிட்ட மதிப்பு உண்டு, செல்லுமா என்று கேட்க யூஐடி_வாலிட் என்ற ஃபங்ஷன் உண்டு. பெயர், வகை, சோதனை, மூன்றும் அங்கே இருக்கின்றன. வாசலுக்கு வெளியே வந்தால் மூன்றும் காணாமல் போகின்றன.

ஜனவரி 9

ப்ராசஸ் எண்ணைப் பற்றி, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண்ணைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இந்த வடு என்னுடையது.

பல வருடங்களுக்கு முன், பெயர் வேண்டாத ஓரிடத்தில், மற்ற நிரல்களைக் கண்காணிக்கும் ஒரு நிரலை எழுதினேன். வேலை எளிது: ஃபோர்க் செய்து ஒரு பிள்ளை ப்ராசஸைத் தொடங்கு, அதன் எண்ணைக் குறித்து வை, குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் கொன்றுவிட்டு மறுபடியும் தொடங்கு. ஃபோர்க் தோற்குமா என்று நான் சோதிக்கவில்லை. அது தோற்று நான் பார்த்ததே இல்லை.

ஓர் இரவு கணினியில் நினைவகம் தீர்ந்து ஃபோர்க் -1 கொடுத்தது. என் நிரல் அந்த -1ஐப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டது. நேரம் முடிந்தது. ப்ராசஸைக் கொல்லப் பயன்படும் கில் என்ற காலை -1 என்ற எண்ணோடு அழைத்தது. கில்லுக்கு -1 என்றால் "உனக்கு அனுமதி உள்ள எல்லா ப்ராசஸுக்கும் சிக்னலை அனுப்பு". ரூட்டாக ஓடிய நிரலுக்கு எங்கேதான் அனுமதி இல்லை? தரவுத்தளம், வெப் சர்வர், நான் உள்ளே நுழைந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பு, எல்லாம் ஒரே வீச்சில் போயின. லினக்ஸில் இந்த அழைப்பு இரண்டு ப்ராசஸ்களை மட்டும் விட்டுவைக்கும்: 1ஆம் எண்ணையும், அழைத்தவனையும். எனவே என் நிரலுக்கு ஒரு கீறலும் இல்லை. லாகில் ஒழுங்காக ஒரு வரியையும் எழுதி வைத்திருந்தது: "பிள்ளை ப்ராசஸ் -1 வெற்றிகரமாக நிறுத்தப்பட்டது."

அந்த வரியை வைத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அதை எழுதியதும் நானே என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஜனவரி 9, சற்றுப் பின்

கில்லுக்குக் கொடுக்கும் எண்ணை வரிசையாகப் பாருங்கள். நேர் எண் என்றால் அந்த ப்ராசஸ். 0 என்றால் என்னுடைய ப்ராசஸ் குழு. -1 என்றால் எல்லோரும். அதற்கும் கீழே எந்த எதிர்ம எண் வந்தாலும் அந்த எண்ணுள்ள குழு. மனை முழுவதும் வீட்டைக் கட்டிவிட்டார்கள், வாசலுக்கு ஓரடி விடவில்லை. "எதுவும் இல்லை" என்று சொல்ல ஒரு மதிப்பு மிச்சமில்லை.

திருத்தம்: ஒன்று மிச்சமிருக்கிறது. -2147483648. குழு எண்ணைக் கண்டுபிடிக்க கெர்னல் எதிர்ம எண்ணின் குறியை மாற்ற வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மாற்றினால் 32 பிட்டுக்குள் அடங்காது. சி மொழியில் அதற்கு வரையறுத்த விளைவே கிடையாது. ஆகவே 2017இல் அந்த ஒரு மதிப்பை மட்டும் தனியாகப் பிடித்து "அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை" என்று பதில் சொல்லும்படி திருத்தினார்கள். யாரும் வரையறுக்காமல், கணக்கு இடித்ததால் பிறந்த செல்லாத மதிப்பு. இதை நம்பி நிரல் எழுதிவிடாதீர்கள், வேடிக்கைக்குச் சொன்னேன்.

ஜனவரி 12

"அப்படியானால் தலைவர் சொல்லும் 0தானே சரி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களின் வாதம் வலுவானது. ஸ்ட்ரக்டை மெம்செட் போட்டுத் துடைத்தால் எல்லாம் 0. குளோபல் மாறிகள் தாமாகவே 0. மறந்துபோன இடமெல்லாம் 0. மறதியின் மதிப்பும் செல்லாத மதிப்பும் ஒன்றாகவே இருந்துவிட்டால் மறதியே பாதுகாப்பாகிவிடும்.

அந்த 0 ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஃபைல் டிஸ்கிரிப்டரில், அதாவது திறந்த கோப்புக்கு கெர்னல் கொடுக்கும் எண்ணில், அது பதிவாகிவிட்டது. இனிமேல் எஃப்டி என்றே எழுதுகிறேன், விரல் வலிக்கிறது. எஃப்டி 0 என்பது ஸ்டாண்டர்டு இன்புட், நிரலின் வழக்கமான உள்ளீடு.

இதிலும் எனக்குக் கதை உண்டு. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட். நினைவகத்தை 0 நிரப்பித் தரும் கேலாக் கொடுத்ததால் எல்லா உறுப்பும் 0. உள்ளே எஃப்டிக்கு ஓர் உறுப்பு. சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) திறப்பதற்கு முன்பே ஏதாவது தவறு நேர்ந்தால், சுத்தம் செய்யும் ஃபங்ஷன் ஸ்ட்ரக்டில் இருக்கும் எஃப்டியை மூடும். அதாவது 0ஐ மூடும். முதல் தடவை மூடியது ஸ்டாண்டர்டு இன்புட்டை. பின்னணியில் ஓடும் சேவைக்கு அது தேவையே இல்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் யூனிக்ஸ் புதிதாகத் திறக்கும் எதற்கும் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணைத்தான் கொடுக்கும். அடுத்து வந்த வாடிக்கையாளரின் சாக்கெட்டுக்கு 0 கிடைத்தது. எங்கோ இன்னோர் இணைப்பு பாதியில் தோற்றபோது சுத்தம் செய்யும் ஃபங்ஷன் மறுபடியும் 0ஐ மூடியது. ஒருவர் வீட்டில் சண்டை, இன்னொருவர் வீட்டில் விளக்கு அணைகிறது. மூன்று வாரம் நெட்வொர்க் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்களிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு அதே நிரலில் "எஃப்டி 0ஐவிடப் பெரிதா" என்று சோதிக்கும் வரிகள் பதினொன்று கண்டெடுத்தேன். "பெரிதா அல்லது சமமா" என்று இருக்க வேண்டும்.

ஜனவரி 13

சிறு இணைப்பு. பல எஃப்டிகளை ஒன்றாகக் கண்காணிக்கும் போல் (poll) என்ற கால், எதிர்ம எஃப்டி வந்தால் பிழை சொல்லாமல் அந்த வரியைத் தாண்டிப் போகும். ஒரு வரியைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க எஃப்டியின் குறியை மாற்றிப் போடுவார்கள். 0க்குக் குறியை மாற்றினாலும் 0தானே! அதனால்தான் பிட்டுகளைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். 0 அப்போது -1 ஆகிவிடும்.

ஜனவரி 15

விண்டோஸ்காரர் ஒருவர் சிரித்திருக்கிறார். சிரிக்க அங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். கோப்பைத் திறக்கும் கிரியேட்ஃபைல் தோற்றால் இன்வாலிட்_ஹேண்டில்_வேல்யூ வரும், அதாவது -1. (எஃப்டி போன்றது அங்கே ஹேண்டில்.) பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் கிரியேட்ஈவென்ட் தோற்றால் வருவது நல், அதாவது 0. எந்த ஃபங்ஷனுக்கு எது என்று ஒவ்வொரு முறையும் ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

இதைவிட மோசம் வேறொன்று இருக்கிறது. கெட்கரன்ட்ப்ராசஸ் என்ற ஃபங்ஷன் "இப்போது ஓடும் ப்ராசஸ்" என்பதற்கு ஒரு போலி ஹேண்டில் கொடுக்கும். அதன் மதிப்பும் -1. கோப்பைத் திறக்க முடியாமல் கையில் வந்த குப்பையை, ப்ராசஸ் ஹேண்டில் கேட்கும் இடத்தில் கொடுத்தால், அது உங்களையே சுட்டும். "எதுவும் இல்லை" என்பதும் "நான்" என்பதும் ஒன்றே என்று அத்வைதம் பேசலாம், கெர்னல் இடைமுகத்தில் பேசக் கூடாது.

ஜனவரி 19

கேள்வியைவிட்டு விலகிப் போகிறேன், தெரிந்தேதான். பயனர் எண்ணில் இன்னொரு விசித்திரப் பிறவி இருக்கிறது: 65534. நோபடி, "யாருமில்லை" என்று பெயர் வைத்த பயனர்.

2.2 பதிப்பு வரை லினக்ஸில் பயனர் எண் 16 பிட். 2001 தொடக்கத்தில் வந்த 2.4இல் அது 32 பிட் ஆனது. பழைய நிரல்களுக்காகப் பழைய கால்களையும் விட்டுவைத்தார்கள். பழைய நிரல் கொடுக்கும் -1 என்பது 16 பிட்டில் 65535. அதை அப்படியே 32 பிட்டுக்கு நீட்டினால் 65535ஆம் பயனர் என்று ஓர் ஆள் முளைத்துவிடுவார். எனவே கெர்னலில் இதற்கென்றே ஒரு மேக்ரோ உண்டு: வந்தது 65535 என்றால் அதை 32 பிட் -1ஆக மாற்று, வேறெதையும் தொடாதே. வரையறுக்காமல் விட்ட ஒரு செல்லாத மதிப்பு, அகலம் மாறும்போது இப்படித்தான் தோள்மேல் ஏறிக்கொள்ளும். 65535ஐயும் 4294967295ஐயும் எந்த மனிதருக்கும் கொடுக்காதீர்கள் என்று நிர்வாகிகளுக்கு இன்றும் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

எதிர்த் திசையில் ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்ணைப் பழைய நிரலுக்கு எப்படிக் காட்டுவது? செல்லாத எண்ணைக் காட்ட முடியாது, கோப்புக்கு உரிமையாளர் உண்மையில் இருக்கிறார், அவருடைய எண்தான் வாசல் வழியே நுழையவில்லை. அதற்காகத்தான் 65534 என்ற வழிதல் எண். 2013இல் 3.8 பதிப்போடு யூசர் நேம்ஸ்பேஸ் (பயனர் எண்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கும் வசதி) முழுமை பெற்றபோது இதே எண்ணுக்கு இன்னொரு வேலை கிடைத்தது: தனியாகப் பிரித்து வைத்த சூழலான கன்டெய்னருக்குள் இருந்து பார்க்கும்போது, வெளியே இருக்கும் பயனருக்கு உள்ளே எண் இல்லை என்றால் 65534 என்று காட்டு.

கெர்னலுக்குள் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒன்று, பயனருக்கு இந்த நேம்ஸ்பேஸில் எண் இல்லையென்றால் -1 திருப்பும். இன்னொன்று, அதே நிலையில் 65534 திருப்பும். முதலாவது சோதிப்பதற்கு, இரண்டாவது காட்டுவதற்கு. ஆரம்பத்தில் எனக்கு இது வீண் இரட்டிப்பாகத் தெரிந்தது. இப்போது இந்தத் திரட்டில் நான் சொன்ன எல்லாவற்றிலும் இதுதான் நேர்த்தியான வடிவம் என்று தோன்றுகிறது. "இல்லை" வேறு, "இருக்கிறார், உனக்குச் சொல்ல எண் இல்லை" வேறு.

மேக் கணினிகளில் நோபடி -2. 16 பிட்டில் -2 என்று போட்டுப் பாருங்கள், 65534 வரும்.

ஜனவரி 19, இரவு

ஆடிட் லாகில் (யார் என்ன செய்தார் என்ற பதிவில்) 4294967295 என்ற பயனரைப் பார்த்துவிட்டு "நாலு பில்லியன் பேர் நம் கணினியில் இருக்கிறார்களா" என்று கேட்ட நண்பருக்கு: உள்நுழைவு வழியாக வராத ப்ராசஸ் என்று பொருள். கணினி துவங்கும்போதே ஓடத் தொடங்கிய சேவைகளுக்கு அப்படித்தான் இருக்கும். இன்னும் யாரும் நிரப்பாத கட்டம். பாருங்கள், -1க்கு இது நான்காவது பொருளா, ஐந்தாவதா? எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஜனவரி 22

எஃப்டிக்குத் திரும்புகிறேன், அங்கேதான் அண்மையில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது.

எஃப்டி எதிர்ம எண்ணாக இருக்க முடியாது, ஆகவே எதிர்மப் பக்கம் முழுவதும் காலிமனை என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு கோப்புறையைச் சுட்டி அங்கிருந்து கோப்பைத் திறக்கும் ஓப்பன்ஏட் வந்தபோது "இப்போதைய கோப்புறையிலிருந்து" என்பதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. லினக்ஸ் -100 எடுத்துக்கொண்டது. மேக்கில் அதே அடையாளத்துக்கு -2. சோலாரிஸில் -3041965, தற்செயலாக யாரும் கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்தவர் போலிருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு லினக்ஸில் "என்னுடைய ப்ராசஸ்" என்று சொல்லும் பிட்எஃப்டி (ப்ராசஸைச் சுட்டும் எஃப்டி) அடையாளங்கள் -10000 பக்கம் வந்தன. காலிமனையில் குடிசைகள் முளைக்கத் தொடங்கிவிட்டன.

2025இல் வந்த 6.17இல்தான் வேலி போட்டார்கள். -100ம், -10000 முதல் -40000 வரையும் கெர்னலுக்கு என்று ஹெடரிலேயே எழுதினார்கள். அதற்குள் எஃப்டி_இன்வாலிட் என்று பெயரிட்டு ஒரு மதிப்பு: -10009. எந்தக் கோப்பையும் எந்தச் சிறப்புப் பொருளையும் குறிக்காத எண்.

ஏன் 10009? -10000இலிருந்து 9 கழித்திருக்கிறார்கள். 9 என்பது ஈபேட்எஃப், "எஃப்டி சரியில்லை" என்ற பிழையின் எண். இந்தக் குறும்பு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி நிரலைப் படித்தவர்களுக்குப் புரியும். அங்கே எஃப்டி மாறிகளுக்குத் தொடக்க மதிப்பாக -1 போடுவதில்லை, -9 போடுகிறார்கள். காரணம் எளிமையானது. ஃபங்ஷன்கள் பிழை எண்ணை எதிர்மமாகத் திருப்பும் பழக்கம் அங்கே. திறக்காத எஃப்டியை யாராவது தவறுதலாகத் திருப்பினால், -1 என்பது ஈபெர்ம், "அனுமதி இல்லை" என்று வாசிக்கப்படும். நீங்கள் அனுமதிகளைத் தோண்டிக்கொண்டு ஒரு நாளைத் தொலைப்பீர்கள். -9 என்றால் பிழைச் செய்தியே "எஃப்டி சரியில்லை" என்று உண்மையைச் சொல்லிவிடும்.

செல்லாத மதிப்பு வழிதவறிப் போனாலும் தன் ஊர்ப் பெயரைச் சொல்கிறது. -1 போடு என்று முதல் நாள் இரவு முழங்கியவன் இதைப் படித்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 23

வாயைத் திறக்கிறேன். நேற்றைய உற்சாகத்தில் என் பழைய நிரல் ஒன்றில் எல்லா -1களையும் -9 ஆக்கினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

முதலாவது, எனது சொந்தச் சோதனைகளில் பாதி "-1க்குச் சமமா" என்று இருந்தன, "0ஐவிடச் சிறிதா" என்று இல்லை. -9 எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனது. இரண்டாவது, ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம். பெயரில்லா நினைவகம் கேட்டு எம்மேப்பை அழைக்கும்போது எஃப்டி இடத்தில் -1 மட்டுமே இருக்க வேண்டும் என்று அது கறாராகச் சொல்கிறது; வேறெது கொடுத்தாலும் ஈஇன்வால். லினக்ஸ் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை, ஆகவே என் கணினியில் ஓடியது.

ரஸ்ட் மொழியில் இன்னொரு முடிச்சு. 2022இல் 1.63 பதிப்போடு வந்த ஓன்ட்எஃப்டி என்ற வகை, -1 என்ற ஒரே மதிப்பை மட்டும் செல்லாதது என்று விலக்கி வைத்திருக்கிறது. "எஃப்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்பதை அதே நான்கு பைட்டில் அடக்க அந்த ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறது. எதிர்ம எண்கள் முழுவதையும் விலக்கியிருந்தால் -100ஐக் கடன் வாங்கிக்கூடக் கொடுக்க முடியாமல் போயிருக்கும்.

-1ஐ மாற்றுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். புதிதாக எழுதுபவர்களுக்கு மட்டும் வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் புதிதாக எழுதுகிறீர்கள், மறந்துவிட்டேன்.

ஜனவரி 27

ஆகவே பழைய சுமை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கூகுளின் ஃபூஷியா இயங்குதளத்தில் உள்ள சிர்கான் கெர்னல் 0ஐச் செல்லாத ஹேண்டில் என்று அறிவித்துவிட்டது. பெயரும் உண்டு. அத்தோடு, கெர்னல் கொடுக்கும் எந்த ஹேண்டிலிலும் கடைசி இரண்டு பிட்டுகள் எப்போதும் 1ஆக இருக்கும் என்று வாக்கும் கொடுக்கிறது. அந்தப் பிட்டுகளில் 0 உள்ள எண்களைப் பயனர் நிரல்கள் தங்கள் சொந்த அடையாளங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம், கெர்னல் ஒருநாளும் அங்கே குடிவராது.

மேக் கணினிகளின் அடியில் இருக்கும் மாக் கெர்னல் இதற்கும் மூத்தது. அங்கே போர்ட் என்பது செய்தி போய்வரும் வாசல். செல்லாத போர்ட் எண் இரண்டு. 0 என்றால் போர்ட் இல்லை. எல்லாப் பிட்டும் 1 என்றால் போர்ட் இருந்தது, செத்துவிட்டது. பிறக்காததற்கும் இறந்ததற்கும் தனித்தனிப் பெயர். எனக்கு இது மிகவும் பிடித்தது, ஏனென்றால் ப்ராசஸ் எண்ணில் நமக்கு வலிப்பதே அந்த இரண்டாவதுதான். நேற்றுவரை 4312 உங்கள் பிள்ளை. இன்று அது செத்து, அதே எண் வேறு யாருக்கோ போய்விட்டது. எண் செல்லும், ஆள் வேறு. எந்தச் செல்லாத மதிப்பும் இதைக் காப்பாற்றாது. லினக்ஸ் அதற்காகத்தான் 5.1 முதல் 5.3 வரையான பதிப்புகளில் பிட்எஃப்டியைக் கட்டி எழுப்பியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், மூன்று வாரம் கழித்து. உங்கள் தலைவர் சரி. 0 வையுங்கள். உங்கள் எண்களில் 0ஆம் எண்ணை இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை, எனவே அது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. எண் வழங்க, கெர்னலில் உள்ள அட்டவணை வசதியான எக்ஸ்அரேயைப் பயன்படுத்தினால் 1இலிருந்து வழங்கும் வகை தயாராகவே உண்டு. பழைய ஐடிஆர் என்றால் தொடக்கமாக 1 கொடுங்கள். இரண்டிலும் சுழற்சி முறையில் வழங்கும் வழியும் உண்டு, விடுபட்ட எண் உடனே இன்னொருவருக்குப் போகாது. "மாற்றாதே", "எல்லோரும்", "நான்" ஆகியவற்றை எண்ணுக்குள் திணிக்காதீர்கள், அதற்கு ஸ்ட்ரக்டில் ஒரு ஃபிளாக் (ஆம், இல்லை என்று சொல்லும் பிட்) வையுங்கள்.

பெயரை ஹெடரில் எழுதுவது பாதி வேலை. மற்ற பாதி, முதல் பதிப்பிலேயே அந்த மதிப்பு வந்தால் ஈஇன்வால் சொல்வது. ஓப்பன் என்ற கால் தனக்குத் தெரியாத ஃபிளாகுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது. பின்னால் அந்தப் பிட்டுகளுக்குப் பொருள் கொடுக்க நினைத்தபோது ஏற்கெனவே குப்பையை அனுப்பிக்கொண்டிருந்த நிரல்கள் குறுக்கே நின்றன. கடைசியில் 5.6இல் ஓப்பன்ஏட்2 என்று புதிய காலே கொண்டுவந்து, தெரியாத ஃபிளாக் வந்தால் மறுக்க வைத்தார்கள். நீங்கள் இன்று மறுக்காத 0ஐ நாளை யாராவது "முதல் இணைப்பு" என்று பொருள் கொண்டு அனுப்பியிருப்பார்.

ஜனவரி 27, பத்து நிமிடம் கழித்து

"பித்ரெட்_டிக்குச் செல்லாத மதிப்பு எது?" என்று, த்ரெட்டின் அடையாளத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: போசிக்ஸ் நெடுங்காலம் அப்படி ஒன்றை வரையறுக்கவே இல்லை, 2024 பதிப்பில்தான் பித்ரெட்_நல் என்ற பெயர் வந்தது. அது இல்லாத இடங்களில் பக்கத்தில் ஒரு பூலியன் (ஆம் அல்லது இல்லை) வைத்துக்கொள்ளுங்கள். 0 வைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓடுகிறது, நானும் செய்திருக்கிறேன், செய்யாதீர்கள்.

பிப்ரவரி 2

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். தலைவருக்கு மகிழ்ச்சி. ஹெடரில் பெயர் வந்துவிட்டது, எண்கள் 1இலிருந்து. சோதனைக்காக 0 கொடுத்துப் பார்த்தால் ஈஇன்வாலுக்குப் பதில் ஈஎன்ஓஎன்ட், அதாவது "அப்படி எதுவும் இல்லை" என்று வருகிறதாம். "இரண்டும் பிழைதானே, விட்டுவிடலாமா?" என்கிறார்.

விடாதீர்கள். உங்கள் டிரைவர் 0ஐ உண்மையான எண் என்று நம்பி, பூட்டை எடுத்து, அட்டவணையில் தேடி, கிடைக்காமல் திரும்பியிருக்கிறது. சோதனையைத் தேடலுக்கு முன்னால், பூட்டுக்கும் முன்னால் வையுங்கள். எண்ணை மூடிய பிறகு மறுபடியும் பயன்படுத்தும் நிரலுக்கு ஈஎன்ஓஎன்ட், எண்ணே வாங்காத நிரலுக்கு ஈஇன்வால். இரண்டு பேரும் அதிகாலை மூன்று மணிக்கு லாகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேரும் தேட வேண்டிய இடம் வேறு.

அப்புறம், 0 வைத்து ஒரு சோதனையை எழுதி டிரைவரோடேயே அனுப்புங்கள். என் பதினொரு வரிகளும் சோதனை இல்லாமல்தான் அத்தனை வருடம் உயிரோடு இருந்தன.